பொம்மை வண்டிக்குப் பத்தாயிரமா?

இந்தத் தடவை நெல்லும் இல்ல, முந்திரியும் இல்ல. ஒரு பொம்மை வண்டியப் பத்தி எழுதப் போறேன். வயசு அம்பதத் தாண்டின ஆளுக்குப் பொம்மை எதுக்குன்னு தோணும். கொஞ்சம் பொறுமையா படிங்க. பாதி வழியில டிராக்டர் வந்துடும், அதுக்கப்புறம் நம்ம நெய்வேலி சுரங்கமும் வந்துடும்.

வண்டிக்குப் பேரு ராக் கிராலர். ரிமோட்ல ஓட்டுறது. ரேஸ் கார் மாதிரி சீறிக்கிட்டு ஓடாது. நாம நடக்கிற வேகம்தான், சில சமயம் அதுகூட இல்ல. கல்லு, மேடு, பள்ளம், மரத்து வேரு இது மேல எல்லாம் உடும்பு மாதிரி ஒட்டிக்கிட்டு ஏறணும். அது ஒண்ணுதான் அதுக்கு வேலை. அசல் ஜீப்புல பத்துல ஒரு பங்கு அளவுல செய்யிறதுதான் அதிகம். இன்னும் சின்னதா, பதினாறுல ஒரு பங்குலயும் வருது.

என் தங்கச்சி மகன் பாலிடெக்னிக்குல மெக்கானிக்கல் முடிச்சிட்டு அப்ரண்டிஸ் வேலைக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருந்தான். கையில இருந்த காசுல பதினாறுல ஒரு பங்கு அளவுல ஒரு சீனா கிட் வாங்கினான். டபிள்யூ.பி.எல்.னு பேரு. பிரிச்சுப் போட்டிருக்கிற பாகத்த நாமளே கோத்து வண்டியாக்கணும். விலை 4,500 ரூபா. கோத்து ஓட்டினான். ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சுது வினை.

மோட்டார்ல வலு பத்தலன்னு பெரிய மோட்டார் போட்டான். பெரிய மோட்டார் போட்டதும் பிளாஸ்டிக் பல்லு மழுங்கிப் போச்சு. கியர் பாக்ஸுக்கு இரும்புப் பல்லு வாங்கினான். பல்லு தாங்குச்சு, நடுவுல போற ஜாயிண்ட் ராடு முறுக்கிக்கிச்சு. அதையும் இரும்புல மாத்தினான். இப்ப வண்டி கனத்துப் போச்சு, திருப்புற சர்வோவால சக்கரத்தத் திருப்ப முடியல. சர்வோவ மாத்தலாம்னா, அந்தக் கிட்டுல ரிசீவரும் மோட்டார் கன்ட்ரோலும் ஒரே போர்டு, சர்வோ ஒயரும் வேற மாதிரி. வெளியில கிடைக்கிற சர்வோ அதுல உக்காராது. அப்ப ரிசீவர மாத்தணும், ரிசீவர மாத்தினா ரிமோட்ட மாத்தணும். இந்த வகையில ஏற்கெனவே 3,700 ரூபா போயிருந்துச்சு. இன்னும் பத்தாயிரம் வேணும்னு அம்மாகிட்ட நின்னான்.

தங்கச்சிகிட்ட பத்தாயிரம் இருந்துச்சு. ஆனா அது சும்மா இருந்த காசு இல்ல. பையன் பாலிடெக்னிக் பீஸுக்குத் தன் கம்மல பேங்குல வச்சிருந்தா. அத மீட்கறதுக்காக இருபதாயிரம் சீட்டு கட்டிக்கிட்டு வந்தா, சீட்டு எடுக்கிற மாசமும் அதுதான். ரெண்டு வருஷமா வேப்பங்குச்சி மாதிரி ஏதோ ஒண்ண காதுல சொருகிக்கிட்டு கல்யாணம் காட்சிக்கு வந்து போனா. மச்சான் கான்ட்ராக்ட் வேலை. "பொம்மைக்குப் பத்தாயிரமா? அந்தக் காசுல ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்"னு சத்தம் போட்டுட்டு ரெண்டு நாளா பையன்கிட்ட பேசல.

"அண்ணே, நீ சொன்னா கேப்பான். வந்து ஒரு வார்த்தை சொல்லு"ன்னு தங்கச்சி போன் பண்ணுச்சு. தைப்பூசக் கூட்டம் கலைஞ்ச அடுத்த வாரம், வடலூர் ரோட்டுல குப்பை அள்ளிக்கிட்டிருந்தாங்க. நான் போனேன்.

திட்டறதுக்குத்தான் கூப்பிட்டாங்க. ஆனா பையன் ஒரு நோட்டு எடுத்து நீட்டினான். அதுல ஒவ்வொரு பாகமும் எத்தனாம் தேதி உடைஞ்சுது, எந்த இடத்துல உடைஞ்சுது, ஏன் உடைஞ்சுதுன்னு எழுதி வச்சிருந்தான். நான் முப்பது வருஷமா டிராக்டர் வாடகைக்கு வச்சு உழுறவன். அப்படி ஒரு நோட்டு எந்த டிராக்டர்காரன்கிட்டயும் பாத்ததில்ல. அப்புறம் எப்படித் திட்டறது?

"மாமா, ரெண்டு வழி இருக்கு. இந்தக் கிட்டயே நல்லா பண்றது ஒண்ணு. இல்லன்னா பத்துல ஒரு பங்கு அளவுல நானே ஒண்ணு கட்டறது. எது சரின்னு எனக்கே புரியல"ன்னான்.

"கம்பெனி வண்டியே வாங்கிட்டா?"

"அமெரிக்கா கம்பெனி வண்டி வாங்கணும்னா அரை லட்சம் தாண்டும் மாமா."

அதுக்குக் காரணமும் சொன்னான். வெளிநாட்டுலேர்ந்து வர்ற பொம்மைக்கு முன்னாடி 20 சதவீதமா இருந்த சுங்க வரிய 2020ல 60 ஆக்கினாங்க, 2023ல 70 ஆக்கிட்டாங்க. உள்ளூர் பொம்மைக்காரங்க பொழைக்கணும்னு போட்டது. அது நியாயம்தான். ஆனா இந்த மாதிரி வண்டி வேணுங்கறவன் தலையிலயும் அது விழுது.

இந்த வண்டியோட சூட்சுமத்தக் கேக்கக் கேக்க எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான். சேத்துழவுல டிராக்டர் ஒரு பக்கம் புதைஞ்சா, அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுத்தும், கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் அசையாது. டிப்ரன்சியல் பண்ற வேலை அது. அப்ப குதிகாலால டிப்லாக் பெடல மிதிப்போம், ரெண்டு சக்கரமும் சேந்து சுத்தும், வண்டி வெளிய வரும். கிராலர்ல அந்த லாக் எப்பவுமே போட்டபடி இருக்கு. கல்லு மேல ஒரு சக்கரம் தூக்கிக்கிட்டாலும் மத்தது இழுக்கும். திரும்பும்போது கஷ்டப்படும், பரவாயில்ல. டிராக்ஸஸ் கம்பெனி 2017ல விட்ட டி.ஆர்.எக்ஸ்.4ங்கற வண்டியில ரிமோட்லயே லாக்கப் போட்டு எடுக்கலாமாம். அதோட அச்சு, சக்கரத்தோட நடுப்புள்ளிக்கு மேல போகும், சக்கரத்துக்கிட்ட ரெண்டு பல்லு வச்சு கீழ இறக்கியிருப்பாங்க. அதனால அடியில கல்லு தட்டாது.

இன்னொண்ணு. நாலு சக்கரமும் இழுக்கிற டிராக்டர்ல முன் சக்கரம் பின் சக்கரத்தவிட ஒரு சதவீதத்துலேர்ந்து அஞ்சு சதவீதம் வரைக்கும் முந்திக்கிட்டு ஓடற மாதிரிதான் பல்லு கணக்கு வச்சிருப்பாங்க. முன்னாடி இழுக்கணும், பின்னாடி தள்ளணும். தார் ரோட்டுல நாலையும் போட்டு ஓட்டாத, டயர் தேயும்னு மெக்கானிக் சொல்றது இதனாலதான். கிராலர்காரங்களும் இதையேதான் பண்றாங்க, கொஞ்சம் கூடுதலாவே. ஓவர் டிரைவ்னு பேரு. மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்காம இருக்க டிராக்டர் மூக்குல நாம வெயிட்டு மாட்டறோம் இல்லையா, அவங்க முன் அச்சுலயும் ரிம்முக்கு உள்ளயும் பித்தளை வைக்கிறாங்க. எடை கீழ இருக்கணும், முன்னாடி இருக்கணும். நூறுல அறுபது பங்கு முன்னால, நாப்பது பின்னால. அவ்ளோதான் சாஸ்திரம்.

சரி, கிட்டா கட்டறதா? நான் நினைச்சுப் பாத்தது நெய்வேலியத்தான்.

நம்ம பக்கத்துல 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையத் தொடங்கி வச்சாரு. 1961 ஆகஸ்டுலதான் பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டுச்சு. நடுவுல நாலு வருஷம் மேல் மண்ணத் தோண்டி எடுத்தாங்க. அதுக்கு ஜெர்மனியிலேர்ந்து ராட்சச சக்கர மெஷின் வந்துச்சு. சக்கரத்தச் சுத்தி வாளி வாளியா இருக்கும், பெரிய மெஷின்ல ஒரு வாளி 1,400 லிட்டர். நிக்கிறது சங்கிலிப் பட்டை மேல. அதுக்கும் கிராலர்னுதான் பேரு! அங்க ஜெர்மனியில மேல் மண்ணு மெத்துன்னு இருக்கும். நம்ம ஊருல இருக்கிறதோ மணற்பாறை, பல்லத் தீட்டற கல்லு மாதிரி தேச்சு எடுத்துடும். மெஷின மாத்தி இங்கயே ஒண்ணு கட்டிட முடியுமா? முடியாது. அதனால முதல்ல பாறையில துளை போட்டு வெடி வச்சுத் தளர்த்தி, அதுக்கப்புறம் மெஷின விட்டாங்க. தேயற பல்ல மாத்தி மாத்திப் போட்டாங்க. கிட்ட வாங்கி ஊருக்குத் தகுந்த மாதிரி பண்ணிக்கிறதுன்னா அதுதான். அவ்ளோ பெரிய சாமானுக்கு அதுதான் வழி.

ஆனா நம்ம டிராக்டர் டிரெய்லரப் பாருங்க. அத எந்தக் கம்பெனியிலயும் போய் வாங்கறதில்ல. வடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி எங்க போனாலும் ரோட்டோரமா ஒரு பட்டறை இருக்கும். சட்டம், பலகை, கொக்கி எல்லாம் அங்கயே வெட்டி ஒட்டுவாங்க. ஆனா அச்சையும் பேரிங்கையும் பட்டறையில செய்ய மாட்டாங்க. அது கம்பெனி சாமான், இல்லன்னா பழைய லாரியில கழட்டினது. கலப்பையும் அப்படித்தான், சட்டம் உள்ளூரு, கொழு கடையில வாங்கறது. எது உரசுதோ, எதுல பல்லு இருக்கோ, அத வாங்கு. எது தாங்குதோ அத நீயே செய். இது எங்க அப்பா காலத்துலேர்ந்து பட்டறைக்காரங்க கிட்ட இருக்கிற கணக்கு.

இத பையன்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான். "மாமா, அமெரிக்காவுலயும் இதான் நடந்துச்சு"ன்னான். 1987ல ஜப்பான் டாமியா கம்பெனி கிளாட் பஸ்டர்னு ஒரு பெரிய சக்கர வண்டிய கிட்டா விட்டுச்சு. அதுல அச்சுக்கு ஒரு மோட்டார். பின்னாடி பாறை ஏத்தற பைத்தியம் பிடிச்சவங்க, கடையில அதுக்குன்னு வண்டி இல்லாததால, அந்த அச்ச மட்டும் கழட்டி எடுத்து சட்டத்த அவங்களே கட்டினாங்க. அதப் பாத்துதான் பின்னால கம்பெனிங்க கிராலர் கிட்ட விட ஆரம்பிச்சுது. அப்ப பாருங்க, இந்த விளையாட்டுல கட்டறதுதான் முதல்ல வந்துச்சு, கிட்டு அதுக்கப்புறம்.

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து நோட்டுல கணக்குப் போட்டோம். அத இங்கயும் தர்றேன், யாருக்காவது உதவும்.

கிட்ட மேம்படுத்த அவன் கேட்ட பத்தாயிரத்துல: புது ரிமோட்டும் ரிசீவரும் 3,900. பேட்டரி, சார்ஜர் 2,400. மோட்டார் கன்ட்ரோலர் 1,300. சின்ன சர்வோ 600. இரும்பு அச்சு, பல்லு வகையறா 1,800. ஏற்கெனவே போட்டது 8,200. ஆக 18,200.

புதுசா கட்ட: அதே ரிமோட், பேட்டரி, சார்ஜர், கன்ட்ரோலர் 7,600. பத்துல ஒரு பங்கு அளவு இரும்பு அச்சு ஒரு ஜோடி 4,800. கியர் பாக்ஸ் 1,900. மோட்டார் 1,300. பெரிய சர்வோ 1,400. டயர், ரிம் நாலு 2,200. ஆக 19,200. சட்டமும் பாடியும் சொந்தக் கை.

ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! ஆனா நல்லா பாத்தா ஒரு விஷயம் தெரியும். 7,600 ரூபா சாமான் ரெண்டு பக்கமும் பொது. எந்த வழியில போனாலும் அது வீணாகாது. அந்தச் சின்ன வண்டிக்குன்னே போடற 2,400தான் அந்த வண்டியோட சாகும். "அப்ப முதல்ல பொதுவா இருக்கிறத வாங்கு. கிட்டுக்குன்னு இனிமே ஒரு ரூபா போடாத"ன்னேன்.

அடுத்தது காசு. அதுல நான் கறாரா சொல்லிட்டேன். "மாப்ள, சீட்டுக் காசுல கை வைக்கக் கூடாது. அது உங்கம்மா காது. நீ வேலைக்குப் போ, வாங்கிக்க." வடலூர்ல ஒரு டிரெய்லர் பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். நாள் கூலி 450, பாதி வீட்டுக்கு, பாதி அவனுக்குன்னு பேசி விட்டேன். டிப்ளமா படிச்சவன் வெல்டிங் பட்டறையில கூலிக்கான்னு மச்சானுக்கு அதுவும் குறைதான். பையனுக்கு இல்ல. அடுத்த திங்கக்கிழமை போயிட்டான். அந்த வாரமே தங்கச்சி பேங்குக்குப் போயி கம்மல மீட்டா.

மாசம் ஒரு சாமானா வாங்கினான். ஆடி வரைக்கும் ஆச்சு. சட்டத்துக்கு அலுமினிய ஜன்னல் செய்யிற கடையில வெட்டிப் போட்ட துண்டு. அச்சையும் சட்டத்தையும் சேக்கிற கம்பிங்க எட்டு, மேல நாலு கீழ நாலு. மூணு மில்லி மீட்டர் மறைக் கம்பி மேல பழைய ரேடியோ ஏரியல் குழாய வெட்டிப் போட்டான், வளையாம நிக்குது. ரிம்முக்குள்ள வைக்க பித்தளை வாங்கல. கார் டயருக்கு வீல் பேலன்ஸ் பண்ற கடையில ஒட்டற எடைத் துண்டு கிடைக்கும், அத வரிசையா ஒட்டிட்டான். தண்ணி படாம இருக்க ரிசீவர பலூனுக்குள்ள போட்டு வாயக் கட்டியிருக்கான். மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாத்தோம். மொத்தம் 2 கிலோ 600 கிராம், முன் அச்சுல 1 கிலோ 500. சாஸ்திரப்படி வந்துடுச்சு.

ஒரு பாகம் மட்டும் அடி வாங்குச்சு. பேட்டரி வைக்கிற தட்ட 3டி பிரிண்ட் எடுக்கிற ஒருத்தர்கிட்ட சொல்லி பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குல செஞ்சு வாங்கினான். அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுல இளகும். சித்திரை வெயில்ல பூட்டின கார்ல ஒரு மத்தியானம் இருந்துச்சு, அப்பளம் மாதிரி சுருண்டு போச்சு. இப்ப தகரத்துல மடிச்சுப் போட்டிருக்கான். பேட்டரிய சார்ஜ் போடும்போது மண் சட்டியில வச்சு, பக்கத்துலயே உக்காந்துக்கணும்னு அவன் அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கான். லித்தியம் பேட்டரி, விளையாட்டு இல்ல.

நம்ம ஊர்ப் பக்கம் பாறை கிடையாது. செஞ்சிப் பக்கம் போனாத்தான் மலை மலையா உருண்டைக் கல்லு. இங்க முந்திரிக் காட்டுல மழை அறுத்த ஓடை இருக்கு. செம்மண்ணு, செம்புறாங்கல்லு படி படியா நிக்கும், மேல காஞ்ச முந்திரிச் சருகு வேற வழுக்கும். அங்கதான் ஓட்டினோம். அவனோட படிச்ச பையன் ஒருத்தன், வசதியான வீடு, கம்பெனி வண்டியே வச்சிருக்கான். அவனும் வந்தான்.

உள்ளத சொல்லணும். கம்பெனி வண்டிதான் நல்லா ஏறுச்சு. நம்ம பையன் மூணு தடவ முட்டி ஏறின படிய, அது ஒரே மூச்சுல ஏறிடுச்சு. சத்தமும் கம்மி. அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. அரை மணி நேரம் கழிச்சு நம்ம வண்டியில ஒரு கம்பி கழண்டு போச்சு. பையன் பாக்கெட்லேர்ந்து நட்டு எடுத்து அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டான். அதுக்கப்புறம் அந்தப் பையன் வண்டி கவுந்து முன்னாடி ஒரு பாகம் உடைஞ்சுது. அது வெளிநாட்டுலேர்ந்து வரணும், மூணு வாரம் ஆச்சு. இப்ப அந்தப் பாகத்த, வர்றதுக்குள்ள இரும்புல செஞ்சு தர முடியுமான்னு அவன் நம்ம பையனத்தான் கேட்டான். இவனும் பட்டறையில செஞ்சு கொடுத்தான். காசு வாங்கிக்கல. வாங்கியிருக்கலாம்னு மச்சான் சொன்னாரு. பொம்மையப் பத்தி ஆறு மாசத்துல அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

டவுன்ல இருக்கிற நீங்க உங்க பிள்ளை இந்த மாதிரி ஏதாவது கேட்டு நின்னா, எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். ஓட்டறதுதான் ஆசைன்னா, காசு சேத்து நல்ல வண்டி ஒண்ணே வாங்கிக் கொடுங்க, மட்டமான கிட்ட வாங்கிட்டு அதுமேல காசு கொட்டாதீங்க. பிரிச்சு மேயறதுதான் ஆசைன்னா கட்ட விடுங்க, ஆனா பல்லும் அச்சும் பேரிங்கும் வாங்கினதா இருக்கட்டும். ரெண்டுல எதுன்னு தெரியலையா, மட்டமான கிட்டு ஒண்ணு வாங்கி உடைய விட்டுப் பாருங்க. உடைஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு வேற கேக்கிற பிள்ளை ஒரு வகை. எங்க உடைஞ்சுதுன்னு நோட்டுல எழுதற பிள்ளை இன்னொரு வகை. ரெண்டும் தப்பில்ல, செலவுதான் வேற.

பையனுக்கு அப்ரண்டிஸ் லெட்டர் இன்னும் வரல. பட்டறைக்குப் போயிக்கிட்டுதான் இருக்கான். வண்டியில ஒரு குறை பாக்கி இருக்கு. திராட்டில ஏத்தினா பாடி ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு முன் சக்கரம் ஒண்ணு தரையவிட்டுக் கிளம்புது. ஜாயிண்ட் ராடு சுத்தற வேகத்துல சட்டமே திரும்பப் பாக்குது. மேல் கம்பிய நாலு மில்லி மீட்டர் குறைச்சுப் பாத்தான், கொஞ்சம் அடங்குச்சு, முழுசா போகல. இந்தக் கணக்குத் தெரிஞ்சவங்க யாராவது படிச்சா ஒரு வரி எழுதுங்க. ஐப்பசி மழை பிடிச்சா ஓடையில தண்ணி வந்துடும், அதுக்குள்ள சரி பண்ணணும்கிறான்.